அப்பாவுக்கு டிரேசர் சொன்ன நோய்

எங்கள் அப்பாவுக்கு ஒன்றுக்குப் போக நேரமாகும் என்பது ரப்பர்த் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. பால்மரம் சீவிக்கொண்டிருக்கும்போதே கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நிற்பார். பக்கத்து நிரையில், அதாவது பக்கத்து மர வரிசையில், சீவுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகிற போக்கில், "என்னண்ணே, மரத்துக்கு மந்திரம் ஓதுறீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அப்பாவும் திரும்பாமலே சிரிப்பார். சிரித்து முடித்ததும் பல்லைக் கடிப்பார். அவருக்கு அடுத்த நிரை என்னுடையது என்பதால் எனக்கு அதெல்லாம் கேட்கும்.

மகள் கேட்கக் கூடாததையெல்லாம் நான் கேட்டேன். வரும், நின்றுபோகும், சொட்டும், மறுபடி கொஞ்சம் வரும். முடிந்தது என்று கைலியை இறக்கிக் கட்டிக்கொண்டு வருவார். கொஞ்ச தூரம் போவதற்குள் திரும்ப நிற்பார். நான் என் நிரையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அவருடைய கடைசி மரங்களையும் சீவிக் கொடுப்பேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மலாயாவில் அவசரகாலம் வந்த பிறகுதான் அது வேடிக்கையாக இல்லாமல் போனது. காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமோ என்று அரசாங்கத்துக்குப் பயம். ரெம்பாவ் பக்கம் காட்டோரமாக இருந்த எங்கள் லயத்தை, வரிசை வீடுகளைப் பிரித்து, தோட்டத்து ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் பக்கத்தில் புதிதாகக் கட்டி, எல்லாக் குடும்பங்களையும் கம்பி வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். அவசரத்தில் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகை மட்டும்தான். அந்த வீட்டில் ஆள் புரண்டு படுத்தால் இந்த வீட்டில் தெரியும். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. கக்கூஸ் லயத்தின் கோடியில், காவல் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. இருட்டிய பிறகு அதற்குக்கூடப் போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு தகர டின் வைத்துக்கொண்டோம்.

மற்ற வீடுகளில் அந்த டின் சும்மா கிடந்தது. எங்கள் வீட்டில் அப்பா விடிகிறவரை அதனிடம் போய் வந்துகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் குழாயடியில் எல்லார் முன்னாலும் அம்மாவிடம் சொன்னது: "உங்க வூட்டுல மட்டும் ராவெல்லாம் தகரத்துல தூறல் போடுது. எங்களுக்குத் தூக்கமே இல்லலா." பெண்கள் சிரித்தார்கள். அம்மா நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

டின்னைத் தேடுவதற்கு அப்பா விளக்கைக் கொளுத்துவார். முடிந்ததும் அணைப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கொளுத்துவார். காவலுக்கு இருந்த மாத்தாக்கள், போலீஸ்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், இதைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் மலாய்க்காரர், சார்ஜன். இன்னொருவர் எங்கள் தோட்டத்திலேயே காவலுக்கு எடுத்துத் துப்பாக்கி கொடுத்திருந்த பையன்.

"விளக்க ஏன் கொளுத்திக் கொளுத்தி அணைக்கிறீங்க?" என்று அந்தப் பையன் கேட்டான். "காட்டுல இருக்கிறவனுக்கு சிக்னல் காட்டுறீங்களா?"

"ஒண்ணுக்குப் போவ எழுந்திரிப்பேன் தம்பி."

"அத்தனை தடவையா?"

பையன் மலாயில் எதையோ சொன்னான். சார்ஜன் சிரிக்கவில்லை, இனிமேல் விளக்குக் கொளுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அப்பா இருட்டில் தடவிக்கொண்டு நடந்தார். பல நாள் டின் கிடைப்பதற்குள் கைலி நனைந்துவிடும். அம்மா விடிந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு தரையைக் கழுவுவார். கொஞ்ச நாளில் பகலிலேயே அப்பாவுக்குச் சொட்ட ஆரம்பித்தது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் தோட்டத்து மண்டோரின் மகன். மண்டோர் என்றால் எங்களை வேலை வாங்குகிறவர். அவர் வீட்டுச் சம்பந்தம் எங்களுக்குப் பெரிது. பரிசம் போட்டாகிவிட்டது. மண்டோரை நான் மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவரும் அப்பாவின் நிரை பிந்திப்போனால் முன்பு மாதிரி கத்துவதில்லை. "உடம்பப் பாத்துக்கய்யா," என்பார்.

காலையில் வேலிக் கதவைத் தாண்டும்போது எல்லாரையும் சோதனை போடுவார்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு தடுப்பு. ஆண்களுக்கு எல்லார் பார்வையிலும்தான். ஒரு பிடி அரிசி இருந்தாலும் ஜெயில். அன்றைக்கு அப்பாவைத் தடவிப் பார்த்த அந்தத் தோட்டத்துப் பையனின் கை இடுப்புக்குக் கீழே நின்றுவிட்டது.

"இங்க என்ன முட்டிக்கிட்டு இருக்கு?"

"துணி."

"துணிக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல தம்பி. விடு."

விடு என்று சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது. சார்ஜன் வந்தார். அவிழ்க்கச் சொன்னார். அப்பா கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "அங்க உள்ள வச்சு அவுக்கிறேன் துவான்," என்று காவல் கொட்டகையைக் காட்டினார். சார்ஜன் கேட்கவில்லை. அவரே கைவிட்டு உருவினார். ஈரமான துணி. அதை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, அரிசி இல்லை என்று தெரிகிறமாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வரிசையில் மண்டோர் இருந்தார், அவர் மகன் இருந்தான், எனக்கு நிச்சயம் பண்ணியவன். நாற்றம் எங்கள் பக்கம் வரைக்கும் வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பா எந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தத் துணியை வாங்கி, அதையே திரும்ப மடிக்க ஆரம்பித்தார்.

இது என்ன என்று தெரியாமல் விட முடியாதென்று சொல்லி அவரை டிரேசரிடம் அனுப்பினார்கள். டிரேசர் என்பவர் தோட்டத்து மருந்துக் கொட்டகையில் இருந்தவர். காய்ச்சலுக்கு மாத்திரையும் புண்ணுக்கு மருந்தும் கொடுப்பார், ஊசி போடுவார். எங்களுக்கு அவர்தான் டாக்டர். அவர் அப்பாவைப் படுக்க வைக்கவில்லை, தொட்டும் பார்க்கவில்லை. துணியைக் குச்சியால் தள்ளிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஆள் நிற்பது தெரிந்தே கேட்டாராம்: "எங்கய்யா போயி வாங்கினே? ரெம்பாவ்லயா, சிரம்பான்லயா?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை.

"பொம்பளச் சீக்குய்யா இது. இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?"

நாங்கள் பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு வருவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சம்பளம் போட்ட மறுநாள் அப்பா ரெம்பாவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது வழக்கம். எத்தனையோ வருடமாகப் போய் வந்தவர். அந்தப் போக்குவரத்துக்கெல்லாம் இப்போது ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டது. அம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். அவர் பாயைக் கதவோரம் போட்டார். என்னிடம், "அந்த ஆளு துணிய நம்ம துணியோட போடாத," என்றார். அதுவரை அவர் அப்பாவை 'அந்த ஆளு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தினமும் காலையில் அப்பா ஊசிக்குப் போய் வரிசையில் நின்றார். பிள்ளைக்காரிகள் அவர் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ஊசி போட்டும் ஒன்றும் குறையவில்லை. இல்லாத நோய்க்குப் போட்ட ஊசி எதைக் குறைக்கும்? டிரேசருக்கு அதுவும் வசதியாகத்தான் போனது. "ரொம்ப நாள் மறைச்சு வச்சிருக்கான், உள்ள வேர் விட்டுருச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டோர் வீட்டிலிருந்து அவரே வரவில்லை. அவர் மனைவியும் இன்னொரு அம்மாளும் வந்து, பரிசத்தன்று நாங்கள் கொடுத்த தட்டுச் சாமான்களைத் திருப்பி வைத்தார்கள். "பையனுக்கு இப்ப கல்யாணம் வேணாங்குறான்," என்றார் அந்த அம்மாள். அப்பா உள்ளேதான் இருந்தார். அவருக்குக் கேட்கவேண்டும் என்றே மண்டோர் மனைவி குரலை ஏற்றி, "நாளைக்கு இந்தப் பொண்ணு ரத்தத்துலயும் அது இருந்தா நாங்க என்ன பண்றது?" என்றார். நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அடைமழைக் காலம் வந்தது. மழையில் மரம் சீவ முடியாது, வேலை இல்லை. அப்பாவுக்குச் சளியும் இருமலும். டிரேசர் ஒரு பாட்டிலில் பழுப்பு நிற மருந்து ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்த மறுநாள் காலையில் அப்பா டின்னுக்கு முன்னால் குந்தியிருந்தார். வெகுநேரம் குந்தியிருந்தார். சொட்டுக்கூட வரவில்லை. மதியத்துக்குள் அடிவயிறு குடம் மாதிரி எழும்பிவிட்டது. கை வைத்தால் அலறினார். சுவரைப் பிடித்து நிற்பார், மண்டி போடுவார், எழுந்து நடப்பார். வேர்வை கொட்டியது. அதுவரை எதற்கும் வாய் திறக்காதவர், "குத்திக் கிழிச்சு விடுங்களேன், யாராச்சும் குத்தி விடுங்களேன்," என்று கத்தினார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் மூச்சு விடவில்லை.

டிரேசர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு ஊசி போட்டுவிட்டுப் போனார்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். கணக்குப் பார்க்கிற கிராணி மட்டும்தான் இருந்தார். "துரை சிரம்பான் போயிருக்காரும்மா. ரோட்டுல சுடுறானுங்க. துரை சொல்லாம, கூட மாத்தா வண்டி இல்லாம, லாரி வெளிய போவாது."

"எங்கப்பா செத்துருவாரு கிராணியாரே."

"நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் வேலை இருக்குல்ல."

திரும்பி வரும்போது வேலிக் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜன் நின்றிருந்தார். அன்றைக்குத் துணியைத் தூக்கிப் பிடித்த அதே ஆள். நான் அழுதுகொண்டு வருவதைப் பார்த்து என்ன என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: அப்பா, மூத்திரம், வரவில்லை, வயிறு பெரிசு. அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து அப்பாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு போய்த் தன்னுடைய வண்டியைக் கொண்டு வந்தார். அவரும் இன்னொரு ஆளும் சேர்ந்து அப்பாவைத் தூக்கி வைத்தார்கள். நான் ஏறிக்கொண்டேன். அம்மா வாசற்படியில் நின்றார், இறங்கவில்லை.

வழியெல்லாம் வண்டி குலுங்கும்போது அப்பா என் கையைக் கடித்துவிடுவார்போல இருந்தது. ராசா என்கிற இடத்தைத் தாண்டிச் சிரம்பானுக்குள் நுழைகிறபோது சார்ஜன் முன்னாலிருந்து திரும்பி, தன் அப்பாவும் வயதான காலத்தில் இப்படித்தான் கஷ்டப்பட்டார் என்றார். கம்பத்தில், அவர்கள் கிராமத்தில், வைத்தியம் பார்த்தும் கேட்கவில்லை, அதிலேயே போய்விட்டார் என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அப்படியானால் கதவடியில் அந்த ஈரத்துணியை உருவியபோதே அது என்னவென்று இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும்தான் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்க வாய்வரை வந்தது. வண்டி அவருடையது. கேட்கவில்லை. அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவர் அவர்தான். அதற்காக இன்றுவரை எனக்கு அவர்மேல் நன்றி வந்ததில்லை.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டார்கள். தடுப்புத் துணிக்கு வெளியே நின்ற எனக்கு முதலில் அப்பாவின் கத்தல் கேட்டது, பிறகு பாத்திரத்தில் மூத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அது நிற்காமல் விழுந்தது. அப்பா சின்னப்பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். வலி போன பிறகுதான் அழுதார்.

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனுஷர். என்னைக் கூப்பிட்டார்.

"நீர்தான் மகளோ? வீட்டிலை பெரியாக்கள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லைங்க."

"அப்ப நீர்தான் கேக்கவேணும். வெக்கப்படாமல் வடிவாக் கேளும்." மேசைமேல் கிடந்த மைக்கூட்டை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தார். "இதை மூத்திரப்பை எண்டு வையும். இதின்ரை வாசலிலை, கீழை, ஒரு சுரப்பி இருக்கு. புரோஸ்டேட் எண்டு சொல்லுவம். ஆம்பிளையளுக்கு மட்டுந்தான் இருக்கு. இளம் வயசிலை பெரிய கொட்டைப்பாக்களவு. அதுக்கு நடுவாலைதான் மூத்திரக்குழாய் போகுது. வயசு போகப் போக அது பெருக்கும். பெருத்துக் குழாயை நெரிக்கும். அதுதான் கொப்பர் முக்கி முக்கிப் போனவர். பை முழுக்கக் காலியாகாது, அதாலை அடிக்கடி எழும்ப வேணும். கடைசியிலை நிரம்பி வழியிற தண்ணிதான் சொட்டினது."

நான் கேட்டுவிட்டேன். "பொம்பளச் சீக்குன்னு டிரேசர் சொன்னாருங்க."

அவர் மைக்கூட்டைக் கீழே வைத்தார். "ஆர் சொன்னது? அந்த வருத்தம் எண்டால் சீழ் வரும். இவருக்குச் சீழும் இல்லை, ஒண்டும் இல்லை. சோதிச்சாச்சு. சில பேருக்கு இந்தச் சுரப்பியிலை கிருமி பிடிச்சுக் குளிர் காய்ச்சல் வரும், எரிவு வரும். அது வேறை. சில பேருக்குப் புற்றுநோய் வரும். அதுவும் வேறை. நான் விரலாலை தொட்டுப் பாத்தன், கல்லு மாதிரி இறுக்கமா இல்லை. எண்டாலும் வெட்டி எடுத்தாப் பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பிப் பாப்பம். இது தலை நரைக்கிற மாதிரி, பிள்ளை. வயசு. வேறை ஒண்டும் இல்லை." பிறகு கேட்டார்: "சளிக்கு ஏதும் மருந்து குடிச்சவரோ?"

பழுப்பு மருந்தைச் சொன்னேன்.

"அதுதான். சில சளி மருந்து அந்த வாசலை இன்னும் இறுக்கிப்போடும். மெல்லமா வந்துகொண்டிருந்ததை அது ஒரேயடியா அடைச்சுப்போட்டுது."

வயசு. அந்த ஒரு சொல்லுக்குத்தான் என் கல்யாணம் நின்றது, அப்பாவின் தட்டு தனியாகப் போனது, பிள்ளைக்காரிகள் தள்ளி உட்கார்ந்தது. ஒரு விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்கிற விஷயத்தை டிரேசர் குச்சியால் பார்த்துச் சொல்லியிருந்தார்.

உடனே அறுவை செய்ய முடியாதென்றார்கள். மூத்திரம் தேங்கித் தேங்கி இரண்டு சிறுநீரகமும் களைத்துப்போயிருந்தன. அவை தேறுகிறவரை அடிவயிற்றில் துளை போட்டு ஒரு குழாயும் பாட்டிலும் மாட்டி வைத்தார்கள். பிறகு வயிற்றைக் கிழித்து அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். ரத்தம் நிறையப் போனது. கட்டிக் கட்டியாகக் குழாயை அடைத்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு வெளியே போகப் பாஸ் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அம்மா வரவில்லை. "நான் வந்து என்ன பண்ணப் போறேன்," என்றார். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். மைக்கூட்டுக்குப் பதில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். "கல்யாணமாகாத பொண்ணு பேசுற பேச்சா இது," என்று எழுந்து போய்விட்டார்.

கோலாலம்பூரிலிருந்தும் புற்றுநோய் இல்லை என்று பதில் வந்தது. அப்பா பாதியாக இளைத்து வீடு வந்தார். வந்த புதிதில் இருமினால் கொஞ்சம் கசியும், அதுவும் நின்றுபோனது. கொஞ்ச நாளில் மற்ற ஆம்பிளைகள் மாதிரிப் போய்விட்டுச் சட்டென்று வந்தார். எனக்கு நினைவு தெரிந்து அப்போதுதான் அவர் விடிகிறவரை தூங்கினார்.

உடம்பு தேறியதும் அவர் செய்த முதல் காரியம் மருந்துக் கொட்டகைக்குப் போனது. நானும் கூடப் போனேன். நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா குரலை உயர்த்தவில்லை.

"டிரேசரய்யா, எனக்கு அந்தச் சீக்கு இல்லன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. நீங்க சொன்னதக் கேட்டவங்கதான் இங்க எல்லாரும். நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. பெரட்டுல வச்சுச் சொன்னாப் போதும்."

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். எல்லாரும் இருப்பார்கள்.

டிரேசர் ஊசியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உனக்கு ரெண்டு நோய்யா. ஒண்ண நான் ஊசி போட்டு ஆத்தினேன். அதனாலதான் அங்க அவங்க பாக்கும்போது இல்ல. மிச்சத்த அவங்க வெட்டி எடுத்தாங்க. ஒழுங்கா நன்றி சொல்லிட்டுப் போ."

உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவ்வளவு பொருத்தமாக இருந்தது அந்தப் பதில். அன்றைக்கு நான் அந்த மேசையைப் புரட்டிவிட்டிருக்க வேண்டும். அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் சாகிறவரை எங்கள் தோட்டத்தில் அதுதான் கதை: இரண்டு நோய், ஒன்று டிரேசர் ஆற்றியது.

மண்டோர் மகனுக்கு வேறு தோட்டத்தில் பெண் எடுத்தார்கள். மேளச்சத்தத்தில் எங்கள் வீட்டுப் பலகையெல்லாம் அதிர்ந்தது. எனக்கு அதன்பிறகு நான்கைந்து இடம் வந்து, லயத்தில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது. வெகுகாலம் கழித்து, எங்களைத் தெரியாத ஒரு குடும்பம் பாரோயிலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு போனது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலி இன்னும் இருந்தது, ஆனால் ஊரடங்கு தளர்ந்திருந்தது. ஒரு மத்தியானம் மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பரிசத் தட்டு திரும்பிய நாளுக்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. வயது அவரையும் பிடித்திருந்தது. உட்காரச் சொன்னதும் உட்காராமல், "உன்கூடத் தனியாப் பேசணும்," என்றார் அப்பாவிடம். தனியாக என்றால் பலகை வீட்டில் எங்கே போவது? நான் சமையல்கட்டில் இருந்தேன்.

"எனக்கும் உன்ன மாதிரிதான் ஆவுது," என்றார் மண்டோர். "நின்னு நின்னு போவுது. ராவுல தூக்கமே இல்ல. டிரேசர்கிட்டப் போவப் பயமா இருக்கு."

அப்பா அவரை விரட்டிவிடுவார், ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். தன் மகளின் ரத்தம் இப்போது எப்படி இருக்கிறதென்று கேட்பார் என்று நின்றேன். அவர் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். எந்த வார்டு, யாழ்ப்பாணத்து டாக்டர் எந்தக் கிழமை இருப்பார், விரலால் பார்க்கும்போது பயப்பட வேண்டாம், சளி மருந்து குடிக்காதே, கள்ளையும் விட்டுவிடு, அடைத்துக்கொண்டால் ஒரு நிமிடம்கூட இங்கே காத்திருக்காதே. தனக்கு யாரும் சொல்லாததையெல்லாம் சொன்னார்.

மண்டோர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் தெரிய வேணாம். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

"சரி," என்றார் அப்பா.

மண்டோர் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டுச் சிரம்பானுக்குப் போனார். நன்றாகி வந்தார். அவருக்கு மாலை போடாததுதான் குறை. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அவருக்கு வந்ததும் இதேதான்னு நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா உன் பேரு சுத்தமாயிருக்கும்ல? ஏம்ப்பா சொல்லல?"

"அவன் கத்துறதக் கேக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு," என்றார் அப்பா. "ஆனா அந்த வலி எனக்குத் தெரியும்ல. தெரியாம இருந்தா விட்டிருப்பேன்."

"வலிக்கு வழி சொன்னே, சரி. ரகசியத்த எதுக்குக் காப்பாத்துறே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் பெரிய மனசுக்காரர் என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெரிய மனசுக்கு என் வாழ்க்கையும்தானே போனது.

இப்போது என் மகனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவன் குளியலறையில் நிற்கிற நேரம் நீண்டதைக் கவனித்து, சாப்பாட்டு மேசையில் மருமகள் முன்னாலேயே கேட்டேன். "மானத்த வாங்காதீங்கம்மா," என்று சீறினான். நான் விடவில்லை. நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், விரலாலும் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, வெறும் வீக்கம்தான் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு சின்ன மாத்திரை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அதை விழுங்குவதைப் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வயிறும் எரிகிறது.

அப்பா அவசரகாலம் முடிந்த பிறகு சில வருடம் இருந்தார். சிறுநீரகம் முன்பே பழுதாகிவிட்டிருந்தது. கால் வீங்கி, சோறு இறங்காமல் போய்ச் சேர்ந்தார். அம்மா அவருக்குப் பிறகு நீண்ட நாள் என்னோடு இருந்தார். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "நீ இன்னமும் அப்பாவுக்கு அந்தச் சீக்கு இருந்துச்சுன்னுதான் நினைக்கிறியா?"

அம்மா கையை நிறுத்தவில்லை. "டாக்டர் சொன்னது சரியா இருக்கும். நீயும் சிரட்டைய வச்சுக் காட்டினே."

"பின்ன ஏன் கடைசி வரைக்கும் அவரு தட்டத் தனியா வச்சே?"

அம்மா பழுத்த இலைகளை ஒதுக்கிப் போட்டார்.

"டிரேசர்கிட்டப் போயி நின்னாரு. சொல்லு, எல்லாருக்கும் சொல்லுன்னு கேட்டாரு. மண்டோர்கிட்ட அவ்வளவு நேரம் பேசினாரு. என்கிட்ட ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் அப்படிப் போகலடின்னு சொன்னாரா? நான் கேப்பேன் கேப்பேன்னு அவரு இருந்தாரு. அவரு சொல்லட்டும்னு நான் இருந்தேன்."

கீரையை அலச எடுத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்விட்டார்.